புரை ஏறியது, இருமல் நின்றது, பொருள் எங்கே போனது?

சாப்பிடும்போது புரை ஏறாதவர் யாரும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் தலையைத் தட்டுவார், தண்ணீர் நீட்டுவார், "யாரோ உன்ன நினைக்கிறாங்க" என்பார். நாலு இருமல் இருமியதும் சரியாகிவிடும், விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். பெரும்பாலும் அதை அத்தோடு மறந்துவிடுவதில் தவறில்லை. ஆனால் எப்போதாவது ஒருமுறை, உள்ளே போன பொருள் வெளியே வராமலேயே இருமல் நின்றுவிடும். அந்தப் பொருள் இன்னும் கீழே இறங்கி, இருமலை அவ்வளவாகத் தூண்டாத ஓர் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். அப்படி உட்கார்ந்தது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், யாருக்கும் தெரியாமல் அங்கேயே கிடக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் நம் வீடுகளில் இந்தப் பயம் உண்டு. கடலையைக் கையில் கொடுக்காதே, காசை எட்டாத இடத்தில் வை என்று பாட்டிகள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பயம் சரியானதுதான். மூச்சுக்குழாயில் பொருள் சிக்கும் சம்பவங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் குழந்தைகளுக்கு நடப்பவை. மீதி பெரியவர்களுக்கு. எண்ணிக்கையில் குறைவு என்பதாலேயே பெரியவர்களிடம் இது அதிகம் கண்ணுக்குத் தப்புகிறது. நோயாளிக்கும் தோன்றுவதில்லை, மருத்துவருக்கும் உடனே தோன்றுவதில்லை.

தவறான வழி

தொண்டையின் அடிப்பகுதியில் இரண்டு குழாய்களின் வாய்கள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள். கெட்டியாக ஒன்று மேலே ஏறி இறங்குவது விரலில் தெரியும். அதுதான் குரல்வளை. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அது மேலே எழும்ப, அதன் மூடி சாய, குரல் நாண்கள் ஒன்றோடொன்று ஒட்ட, மூச்சு ஒரு கணம் நிற்கிறது. இவ்வளவும் ஒரு நொடிக்குள் முடிகின்றன. வாயில் சோறு இருக்கும்போது சிரித்தாலோ, பேச வாயெடுத்தாலோ, திடுக்கிட்டு மூச்சை இழுத்தாலோ இந்த ஒழுங்கு குலைந்துவிடும்.

மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இறங்கி வலது, இடது என்று இரண்டாகப் பிரிகிறது. இரண்டும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வலது கிளை அகலமானது, சுமார் 2.5 செ.மீ. நீளம்தான், ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குகிறது. இடது கிளை ஒல்லியானது, சுமார் 5 செ.மீ. நீளம், பக்கவாட்டில் சாய்ந்து போகிறது. அதனால் உட்கார்ந்திருக்கும்போதோ நிற்கும்போதோ உள்ளே போகும் பொருள் பெரும்பாலும் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியைத்தான் சேரும். மருத்துவர்கள் இந்த இடத்தை மனதில் வைத்திருப்பார்கள். வலப்பக்கம் கீழே, அதே இடத்தில் திரும்பத் திரும்பச் சளி கட்டினால் சந்தேகப்பட அது ஒரு காரணம்.

குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது. ஒரு கடலைப் பருப்பு அதை அடைத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். பெரியவரின் குழாய் அகலம் என்பதால் அதே கடலை வழியில் நிற்காமல் கிளைக்குள் இறங்கிவிடும். அடைபடுவது நுரையீரலின் ஒரு பகுதி மட்டும். மீதிப் பகுதிகள் வேலை செய்வதால் அவரால் நடக்க முடிகிறது, மாடி ஏற முடிகிறது, வேலைக்குப் போக முடிகிறது.

இருமல் நிற்பதற்கும் காரணம் உண்டு. இருமலைத் தூண்டும் நரம்பு முனைகள் குரல்வளையிலும், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலும் நெருக்கமாக இருக்கின்றன. அந்த இடங்களைப் பொருள் தாண்டும்போதுதான் கண்ணில் நீர் வர இருமுகிறோம். அதற்குக் கீழே உணர்ச்சி குறைகிறது. பொருள் அசையாமல் ஓரிடத்தில் படிந்துவிட்டால் உடம்பும் அதற்குப் பழகிப்போகிறது. அப்புறம் ஓர் அமைதியான காலம் வரும். சிலருக்கு அது சில நாட்கள், சிலருக்குப் பல மாதங்கள். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம்: ஏமாற்றுவது இந்த அமைதிதான். "அன்னைக்குப் புரை ஏறிச்சு, அப்புறம் ஒண்ணும் இல்ல" என்ற வாக்கியத்தில் இரண்டாவது பாதியை நம்பி முதல் பாதியை விட்டுவிடுகிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது

போன பொருள் எது என்பதைப் பொறுத்து இது மாறும். பிளாஸ்டிக் துண்டோ உலோகத் திருகோ என்றால் உடம்பு மெதுவாக வேலை செய்யும். பொருளைச் சுற்றிக் குழாயின் உள்சுவர் புண்ணாகி, சிவந்த சதை வளர்ந்து, கடைசியில் பொருளே தெரியாதபடி மூடிவிடும். ஸ்கேனில் பார்த்தால் அந்தச் சதை ஒரு கட்டி மாதிரியே இருக்கும். கடலை, முந்திரி போன்றவை வேறு ரகம். அவற்றின் எண்ணெய் குழாயின் உட்சுவரை உறுத்தி வீங்க வைக்கும், கடலையும் ஈரத்தில் ஊறிப் பெருக்கும்.

மாத்திரைகளில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதைச் சாப்பிடாத வீடு குறைவு. ரத்தசோகைக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை மூச்சுக்குழாய்க்குள் போனால் கரைந்து, உட்சுவரைச் சுட்டுப் புண்ணாக்கும். கரைந்து போய்விட்டதே, இனி ஒன்றும் இல்லை என்று விட முடியாது. மாத்திரை இருந்த இடமே தெரியாமல் போன பிறகும் அந்தப் புண் ஆறும்போது குழாய் சுருங்கிவிடலாம். படுத்துக்கொண்டே ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரை போடும் வயதானவர்களை நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு, போட்ட உடனே படுக்காமல் இருப்பது நல்லது.

சில பொருள்கள் குழாயை முழுதாக அடைக்காமல் சைக்கிள் ட்யூபின் வால்வு மாதிரி நடந்துகொள்ளும். மூச்சை இழுக்கும்போது குழாய் விரிவதால் காற்று பக்கவாட்டில் உள்ளே போய்விடும். விடும்போது குழாய் சுருங்கிப் பொருளை இறுக்கிக்கொள்வதால் காற்று வெளியே வராது. அந்தப் பகுதி உப்பிக்கொள்ளும், ஒரு பக்கம் மட்டும் விசில் போலச் சத்தம் கேட்கும். முழுதாக அடைத்துவிட்டாலோ காற்று போகாத பகுதி சுருங்கிவிடும். வடிய வழியில்லாத சளியில் கிருமி வளர்ந்து நிமோனியா வரும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் காய்ச்சல் இறங்கும், பொருள் அங்கேயே இருப்பதால் கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி வரும். இது வருடக்கணக்கில் நீடித்தால் குழாய்ச் சுவர் தளர்ந்து நிரந்தரமாக விரிந்துவிடும். நாற்றமடிக்கும் சளி, சளியில் ரத்தம் எல்லாம் அப்புறம் வருபவை.

வேறு பெயரில் நடக்கும் வைத்தியம்

தொடர் இருமல், வீசிங், அடிக்கடி நெஞ்சுச் சளி. இந்த மூன்றையும் சொன்னால் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது ஆஸ்துமா. புகை பிடிப்பவர் என்றால் அதனால் வந்த நுரையீரல் நோய் அல்லது புற்றுநோய். இந்தியாவில் கூடுதலாக ஒன்று, டிபி. இவையெல்லாம் நிஜமாகவே அதிகம் காணப்படும் நோய்கள் என்பதால் மருத்துவர் முதலில் அவற்றை நினைப்பதைக் குறை சொல்ல முடியாது. சிகிச்சை பலன் தராதபோதும் அதே பெயரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் தவறு.

இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் நடந்த ஒன்று 2017இல் மருத்துவ இதழில் வெளியானது. 47 வயது ஆண், புகை பிடிப்பவர், ஒரு வருடத்துக்கும் மேலாக இருமல், மஞ்சள் சளி. எக்ஸ்ரேயில் நுரையீரலில் நிழல் தெரிந்ததும் புற்றுநோயாக இருக்கலாம் என்று பயந்தார்கள். குழாய் விட்டுப் பார்த்தபோது வெளியே வந்தது ப்ளேமொபில் பொம்மைத் தொகுப்பைச் சேர்ந்த, சாலையில் வைக்கும் கூம்பின் குட்டி வடிவம். அவருடைய ஏழாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த பொம்மை. 40 வருடம் உள்ளே இருந்திருக்கிறது. சிறு வயதில் போனதால், வளரும் குழாய் அந்தப் பொருளுக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டிருக்கலாம், அதனால்தான் இத்தனை காலம் தொந்தரவு இல்லை என்று மருத்துவர்கள் கருதினார்கள். எடுத்த சில மாதங்களில் இருமல் ஏறக்குறைய நின்றுவிட்டது.

கேரளத்தின் கண்ணூரில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 25 வருடம் விடாத இருமல். ஆஸ்துமா என்றே நினைத்திருந்தார்கள். பரியாரம் அரசு மருத்துவக் கல்லூரியில் எடுத்துப் பார்த்தால், பதின்வயதில் விளையாட்டாக வாயில் வைத்திருந்தபோது உள்ளே போன விசிலின் துண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2010இல் 75 வயதுக்காரர் ஒருவர் புற்றுநோய் என்ற பயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். அவருடைய நுரையீரலில் இருந்தது ஒரு பட்டாணி, அதுவும் முளை விட்டிருந்தது.

இவை செய்தியானவை, அதனாலேயே விசித்திரமாகத் தெரிகின்றன. சாதாரணமாக எடுக்கப்படுபவை எலும்புத் துண்டு, கடலை, பாக்கு, பழக்கொட்டை, பல், மாத்திரை.

யாருக்கு அதிகம் நடக்கும்

நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கும் நடக்கலாம். ஆனாலும் இருமலும் விழுங்குதலும் மந்தமாகும் நிலைகளில் ஆபத்து கூடுகிறது. பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள், மறதி நோய் உள்ள முதியவர்கள், வலிப்பு வருபவர்கள், தூக்க மாத்திரை போட்டவர்கள், குடித்திருப்பவர்கள். இவர்களில் சிலருக்குப் பொருள் உள்ளே போகும்போது புரையே ஏறாது. இருமல் உணர்ச்சி அந்த அளவுக்கு மங்கியிருக்கும். அதனால் அவர்களிடம் கேட்டும் பயனில்லை, கவனிப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டியின் பல் செட்டைக் காணோம் என்றால் தலையணைக்கு அடியில் தேடுவதோடு நெஞ்சிலும் தேட வேண்டியிருக்கலாம். பல் செட்டின் ரோஸ் நிற அக்ரிலிக் பகுதி எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது என்பது கூடுதல் சிக்கல்.

பல் மருத்துவரின் நாற்காலி இன்னோர் இடம். மல்லாந்து சாய்ந்திருக்கிறோம், தொண்டை மரத்திருக்கலாம், வாயில் சின்னச் சின்னக் கருவிகள். அதனால்தான் நல்ல பல் மருத்துவர்கள் ரப்பர் திரை போடுகிறார்கள், சிறு கருவிகளில் நூல் கட்டிக்கொள்கிறார்கள். சாலை விபத்தில் பல் உடைந்து, உடைந்த பல் கைக்குக் கிடைக்கவில்லை என்றால் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பதும் இதற்காகத்தான்.

வாயை மூன்றாவது கையாகப் பயன்படுத்தும் பழக்கம் நம்மிடம் நிறைய. புடவை மடிப்பு வைக்கும்போது ஊக்கு உதட்டில், கொண்டை போடும்போது ஹேர்பின் பல்லில், தையல்காரர் வாயில் குண்டூசி, தச்சர் வாயில் ஆணி. தலைத்துணி அணியும் பெண்கள் அதிகம் உள்ள துருக்கி, எகிப்து போன்ற நாடுகளில், துணியைச் சரிசெய்யும்போது வாயில் வைத்த ஊசி மூச்சுக்குழாய்க்குள் போன இளம்பெண்களைப் பற்றி மருத்துவர்கள் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். கொல்கத்தாவில் ஒரு பெண்ணுக்கு மூக்குத்தியின் திருகு கழன்று நுரையீரலுக்குள் போய்விட்டது. வயிற்றுக்குள் போயிருக்கும், தானாக வெளியேறிவிடும் என்றே அவர் நினைத்திருந்தார். அந்த எண்ணம் நமக்கும் உண்டு. ஏதாவது உள்ளே போய்விட்டால் ஒரு வாழைப்பழத்தைச் சாப்பிடச் சொல்லி, காலையில் போய்விடும் என்று ஆறுதல் சொல்வோம். பொருள் உள்ளே போனபோது இருமல் வந்திருந்தால் அது வயிற்றுக்குப் போனது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. நெஞ்சையும் சேர்த்து எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஆஸ்துமாவுக்குப் பயன்படுத்தும் இன்ஹேலரை மூடி போடாமல் கைப்பையில் போட்டு வைத்தால், சிறு பொருள்கள் அதன் வாய்க்குள் புகுந்துகொள்ளும். அடுத்த முறை வேகமாக உறிஞ்சும்போது மருந்தோடு அதுவும் உள்ளே போகும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. ஒவ்வொரு முறையும் மூடியைப் போடுங்கள், உறிஞ்சும் முன் ஒரு உதறு உதறி உள்ளே பாருங்கள்.

கண்டுபிடிப்பதும் எடுப்பதும்

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று பொருளல்ல. உலோகமும் பல்லும் தெரியும். கடலை, பிளாஸ்டிக், பாக்கு, மெல்லிய மீன்முள் ஆகியவை பெரும்பாலும் தெரியாது. அவற்றால் வந்த சுருக்கமோ சளியோதான் நிழலாகத் தெரியும். சிடி ஸ்கேன் இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் எந்த ஸ்கேனுக்கும் முன்னால் வர வேண்டியது ஒரு கேள்வி: "எப்போதாவது சாப்பிடும்போது பலமாகப் புரை ஏறியதா, அதற்குப் பிறகுதான் இந்த இருமலா?" காசு செலவில்லாத இந்தக் கேள்விதான் பல நேரம் கேட்கப்படுவதில்லை. கேட்கப்பட்டாலும் பலருக்கு நினைவு வருவதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்க்கும்போது, அந்தக் கல்யாண விருந்தில் எலும்பு ஒன்று ஒரு மாதிரி போனதே என்று ஞாபகம் வரும். வந்தால் மறுநாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

உறுதி செய்வது ப்ராங்கோஸ்கோபி, அதாவது கேமரா உள்ள குழாயை மூச்சுவழிக்குள் விட்டுப் பார்ப்பது. இதன் தொடக்கமே இந்தப் பிரச்சினைதான். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் 1897இல் குஸ்தாவ் கில்லியன் என்ற மருத்துவர், ஒரு விவசாயியின் வலது மூச்சுக்கிளையில் சிக்கிய பன்றி எலும்பை நேரான உலோகக் குழாய் விட்டு எடுத்தார். அதுவரை இப்படிச் சிக்கியவர்கள் நிமோனியாவிலோ சீழ்க்கட்டியிலோ இறந்துபோவதுதான் வழக்கம். அவருக்குப் பிறகு அமெரிக்காவின் ஷெவாலியே ஜாக்சன் இந்தக் கலையை ஒரு பாடமாகவே வளர்த்தார். அவர் நோயாளிகளின் மூச்சுவழியிலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் வந்த 2,374 பொருள்கள், ஊக்கு, பொத்தான், நாணயம் என்று பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. வீசிங் எல்லாம் ஆஸ்துமா ஆகிவிடாது என்ற எச்சரிக்கையும் அவர் பெயரில்தான் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தரப்படுகிறது. வளையும் குழாய் 1960களில் ஜப்பானின் ஷிகெட்டோ இகெடாவால் வந்தது. இன்று பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வளையும் குழாயே போதும்.

மருத்துவர் என்ன பார்க்கிறார்? திரையில் இளஞ்சிவப்புக் குழாய், வளையம் வளையமாக. ஓரிடத்தில் அது திடீரென்று குறுகி, சிவந்த சதை பொங்கி நிற்கும். தொட்டால் ரத்தம் கசியும். பார்வைக்குக் கட்டியேதான். சதையைச் சற்று விலக்கி, தேங்கிய சளியை உறிஞ்சி எடுத்த பிறகு, இடுக்கியின் நுனியில் கெட்டியாக ஏதோ தட்டுப்படும். அந்த நொடியில் நோயின் பெயரே மாறிவிடுகிறது. பிடித்து இழுக்க இடுக்கி, சிறு கம்பிக் கூடை, சுருக்கு எல்லாம் உண்டு. ஈரமுள்ள உணவுத் துண்டாக இருந்தால் நுனி உறையும் ஒரு கருவியைத் தொடவைத்து, பொருளைப் பனியோடு ஒட்டவைத்து எடுப்பார்கள். பொருள் பெரிதாகவோ கூர்மையாகவோ, சதைக்குள் புதைந்தோ இருந்தால் மயக்கம் கொடுத்து நேரான உலோகக் குழாய் வழியாக. நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவருவது அபூர்வம்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

விடாத இருமல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உள்ளே பொருள் எதுவும் இல்லை. இதைப் படித்துவிட்டு ஆஸ்துமா மருந்தையோ டிபி மருந்தையோ நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்துகொள்வதும் அவசியம்தான். ஆனால் முன்பு ஆஸ்துமாவே இல்லாதவருக்கு ஒரு நாளில் திடீரென்று வீசிங் தொடங்கினால், சத்தம் ஒரு பக்கம் மட்டும் கேட்டால், நிமோனியா அதே இடத்தில் இரண்டாம் முறை வந்தால், சளியில் கிருமி தெரியாமலே டிபி மருந்து ஆரம்பித்து அதுவும் கேட்கவில்லை என்றால், நுரையீரல் மருத்துவரிடம் "உள்ளே ஏதாவது சிக்கியிருக்குமா டாக்டர்?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

புரை ஏறும் அந்த நேரத்துக்கு வருவோம். சத்தமாக இருமுகிறார், பேச முடிகிறது என்றால் அவரை இரும விடுங்கள். இருமிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் கொடுத்தால் அதுவும் தவறான வழியில் போகலாம். தலையில் தட்டுவதால் பயனில்லை. வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் துழாவினால் பொருள் இன்னும் உள்ளே போகும். பேச்சு வரவில்லை, இருமல் சத்தமும் இல்லை, முகம் நீலமாகிறது என்றால் முழு அடைப்பு. அவரை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வராவிட்டால் பின்னால் நின்று இரண்டு கைகளாலும் வயிற்றைக் கட்டி, தொப்புளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவில் உள்நோக்கி மேலாக ஐந்து முறை அழுத்துங்கள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வேண்டாம், நெஞ்சில் அழுத்த வேண்டும். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்கும்போது இன்னொருவர் ஆம்புலன்சை அழைக்கட்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

எடுத்த பிறகும் வேலை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நாள்பட்ட உணவுத் துண்டுகள் எடுக்கும்போதே நொறுங்கிவிடும் என்பதால், துணுக்கு மிச்சம் இருக்கிறதா என்று மருத்துவர் அதே அமர்வில் மறுபடி பார்ப்பார், சில வாரம் கழித்தும் வரச் சொல்லலாம். சீக்கிரம் எடுக்கப்பட்டவர்களுக்கு இருமல் பெரும்பாலும் முழுதாகப் போய்விடும். வருடக்கணக்கில் கிடந்து குழாய் விரிந்துவிட்டவர்களுக்குப் பொருள் போனாலும் அந்த விரிவு போகாது. அவர்கள் சளியைத் தினமும் வெளியேற்றும் மூச்சுப் பயிற்சிகளைத் தொடர்ந்து செய்ய வேண்டியிருக்கும்.